கலைஞர் வாய்மொழி: ஜாஸும் தப்பும்



ஜாஸ் என்னும் மேனாட்டு இசையைப் பற்றிப் பேசுவதற்கு ஊவா மலைச்சரிவில் உள்ள ஒரு பாடசாலையின் அதிபருக்கு என்ன தகுதி என்று உங்களுட் சிலர் வினவக்கூடும். நியாயமான வினாவே. எனக்கு அவ்விசையை வாசிக்கத் தெரியாது. அதன் இலக்கணத்திலும் எனக்குள்ள அறிவு சொற்பம். ஆயினும், நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் அவ்விசையின் இலக்கணமன்று. அதனை வாசித்தவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றியும் தொழிலைப் பற்றியும் பிறர் கேட்கச் சொல்லிவைத்த வாய்மொழிகளே என் பொருள். அத்தகைய உரையாடல்களைச் சில ஆண்டுகளாகப் படித்தும் கேட்டும் வருகிறேன். படிக்கப் படிக்க, ஸ்பிரிங்வெளியில் எங்கள் பாடசாலைக்கு மேலே, தேயிலைக்கு நடுவே தெரியும் லயங்களில் வாழும் சில முதியவர்களின் நினைவே எனக்கு வந்துகொண்டிருந்தது. அது ஏன் என்பதைச் சொல்லவே இன்று முற்படுகிறேன்.

ஜாஸ் நம் தீவுக்கு முற்றிலும் புதிதன்று. 1958ஆம் ஆண்டில் டேவ் புரூபெக் என்னும் பியானோக் கலைஞர் தம் குழுவுடன் இலங்கைக்கு வந்தார். 1963இல் டியூக் எலிங்டனின் பெரிய வாத்தியக் குழு வந்தது. இரு பயணங்களையும் ஏற்பாடு செய்தது அமெரிக்க அரசாங்கம். அதன் பின்னால் இருந்த பனிப்போர் அரசியலை இங்கு விரிக்க வேண்டியதில்லை. புரூபெக்கின் அப்பயணத்தில் நிகழ்ந்த ஒரு சிறு உரையாடலை மட்டும் சொல்கிறேன். இஸ்தான்புல் நகரத் தெருவில் சிலர் வாசித்த ஒரு தாளம் அவர் காதில் விழுந்தது. ஒன்பது எண்ணிக்கை கொண்ட தாளம். ஆனால் மும்மூன்றாகப் பிரியாமல் இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று என நடந்தது. அந்நகர வானொலி நிலையத்து வாத்தியக்காரர்களிடம் சென்று, இது என்ன என்று கேட்டார். உங்களுக்கு 'புளூஸ்' எப்படியோ, எங்களுக்கு இது அப்படி என்று விடை கிடைத்தது. புளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயரப்பாட்டு வகை. ஜாஸ் இசைக்கு அதனைத் தாய் எனலாம். 1959இல் வெளிவந்த 'புளூ ரொண்டோ அ லா டர்க்' என்ற அவரது புகழ்பெற்ற உருப்படி இந்த விடையை ஒட்டிப் பிறந்தது. கேட்டவர் தாளத்தைக் கேட்டார். சொன்னவரோ எண்ணிக்கையைச் சொல்லவில்லை. அத்தாளத்துக்கும் தம் மக்களுக்கும் உள்ள உறவைச் சொன்னார். கலைஞரிடம் நேரே கேட்டாலன்றி இவ்வகை விடை கிடைப்பதில்லை.

கேட்காமல் விட்டதனால் இழந்தவையும் உண்டு. ஜாஸ் உருவான இடம் அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள நியூ ஓர்லியன்ஸ் துறைமுக நகரம். காலம் ஏறத்தாழ 1900ஆம் ஆண்டையொட்டியது. அங்கே பட்டி போல்டன் என்று ஒருவர் இருந்தார். கோர்னெட் என்னும் பித்தளைக் குழலை ஊதுபவர். அந்நகரத்துக் கலைஞர் பலர் அவரையே முன்னோடியாகக் கருதினர். 1907இல் மனநோய் முற்றி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அங்கிருந்து மீளாமலே 1931இல் இறந்தார். அவர் ஊதிய ஒரு சுரத்துக்கேனும் இன்று ஒலிப்பதிவு கிடையாது. அவரிடம் யாரும் உட்கார்ந்து கதை கேட்டதுமில்லை. அவரைக் கேட்ட பிறர், பல்லாண்டுகளுக்குப் பின் நினைவிலிருந்து சொன்ன சொற்களில்தான் போல்டனின் இசை இன்று வாழ்கிறது.

அடுத்தவர் ஜோ ஒலிவர். 'கிங்' என்று, அதாவது அரசர் என்று, அழைக்கப்பட்டவர். லூயி ஆம்ஸ்ட்ரோங்கின் குரு. இந்த அரசர் தம் கடைசி நாட்களில் சவானா நகரத்தில் ஒரு விளையாட்டு விடுதியைக் கூட்டிப் பெருக்கும் வேலை செய்து, 1938 ஏப்ரலில் வறுமையிலே மடிந்தார். அதற்கு அடுத்த மாதம், 1938 மே மாதத்திலேதான், நான் சொல்லப்போகும் புகழ்பெற்ற உரையாடல் வாஷிங்டன் நகரில் தொடங்கியது. ஒரே ஒரு மாதம் பிந்திவிட்டது.

அந்த உரையாடலில் பேசியவர் ஜெல்லி ரோல் மோர்ட்டன். கேட்டவர் அலன் லோமாக்ஸ் என்ற இருபத்துமூன்று வயது இளைஞர். மோர்ட்டன் ஒருகாலத்தில் பெரும்புகழ் பெற்றவர். முன்பல்லில் வைரம் பதித்துக்கொண்டவர். 1938இல் அப்புகழ் போய், வாஷிங்டனில் ஒரு சிறு விடுதியில் வாசித்துக்கொண்டிருந்தார். லோமாக்ஸ் அவரைக் காங்கிரஸ் நூலகத்தின் அரங்கிற்கு அழைத்துவந்து பியானோவின் முன் அமர்த்தி, ஒலித்தட்டுப் பொறியை ஓடவிட்டார். ஒவ்வொரு தட்டும் சில நிமிடங்களே ஓடும்; தட்டு முடிந்ததும் பேச்சை நிறுத்தி மாற்றவேண்டும். இருந்தும் பல மணி நேரப் பேச்சும் இசையும் பதிவாகின. மோர்ட்டன் பேசும்போதும் அவர் கை சும்மா இருக்கவில்லை. பியானோவை மெல்ல வருடிக்கொண்டே கதை சொன்னார். உற்சாகம் குறையாதிருக்க மதுவும் அருகில் வைக்கப்பட்டிருந்தது என்பர். அதனை என் மாணவர்களுக்கு முன்மாதிரியாக நான் சொல்லப்போவதில்லை.

மோர்ட்டன் சொன்னவை எல்லாம் உண்மையா? அல்ல. அதே ஆண்டு அவர் ஓர் இசைப் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில், 1902ஆம் ஆண்டில் ஜாஸைக் கண்டுபிடித்தவன் நானே என்று முழங்கினார். அவருடைய ஞானஸ்நானப் பதிவோ அவர் 1890இல் பிறந்ததாகச் சொல்கிறது. அப்படியானால் ஓர் இசையைக் கண்டுபிடித்தபோது அவருக்கு வயது பன்னிரண்டு! ஆகவேதான் அவர் தம் பிறந்த ஆண்டைச் சில ஆண்டுகள் முன்தள்ளிச் சொன்னார் என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். இத்தகைய பொய்களைக் கண்டு அவர் வாய்மொழி முழுவதையும் தள்ளிவிட்டோர் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. எல்லாரும் மறந்துவிட்ட ஒருவர், தாம் செய்தது வீண்போகவில்லை என்று உலகம் ஒப்புக்கொள்ள வேண்டும் எனத் தவித்தார். அத்தவிப்பு அவர் பொய்யிலே கேட்கிறது. அதுவும் வாழ்க்கை வரலாறு தானே? அவர் 1941இல் இறந்தார். லோமாக்ஸ் அப்பேச்சை ஆதாரமாகக் கொண்டு 'மிஸ்டர் ஜெல்லி ரோல்' என்ற நூலை 1950இல் வெளியிட்டார். ஒலித்தட்டுகள் முழுமையாக வெளிவந்தது 2005இல்.

அந்தப் பதிவுகளில் என்னைப் பெரிதும் ஈர்த்த பகுதி, நியூ ஓர்லியன்ஸ் நகரத்துச் சாவு ஊர்வலத்தைப் பற்றி மோர்ட்டன் சொல்வது. அங்கே ஒருவர் இறந்தால் வாத்தியக் குழு முன்னே செல்லும். இடுகாடு நோக்கிப் போகும்போது மெதுவான துக்க இசை. அடக்கம் முடிந்து திரும்பும்போது டிரம் அடிப்பவர் முறுக்கிக் கொடுக்க, குழல்கள் கும்மாளமிட, பின்னால் வரும் மக்கள் தெருவிலே ஆடிக்கொண்டு வருவர். ஜாஸின் துள்ளல் நடைக்கு இந்த ஊர்வலங்களும் ஒரு பிறப்பிடம். வெளியார் இதனைக் கேட்டு வியக்கின்றனர். மலையகத் தமிழர் எவரும் வியக்கமாட்டார். பேரன் பேத்தி கண்டு, பழுத்த வயதில் போனவரின் சாவைக் கல்யாணச் சாவு என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே உண்டன்றோ? அந்த வீட்டு வாசலில் அடிக்கப்படும் தப்பைக் கேட்ட கால்கள் சும்மா நிற்பதில்லை.

இந்த இடத்திலேதான் எங்கள் மேற்பிரிவு லயத்து முதியவர் ஒருவரிடம் நான் பேசப் போனேன். எண்பதை நெருங்கிய தப்புக் கலைஞர். பெயரைச் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். காரணத்தைப் பின்னர் சொல்கிறேன். மோர்ட்டன் சொன்ன சாவு ஊர்வலத்தை அவருக்கு விளக்கினேன். அவர் வியப்படையவில்லை, பிழை திருத்துபவர் போல, போகும்போது ஓரடி, வரும்போது ஓரடி என்று இரண்டு மட்டும் போதாது என்றார். வாசலில் கூடுவதற்கு ஓர் அடி, பாடை தூக்க ஓர் அடி, வழிநடைக்கு ஓர் அடி. இறந்தவர் கிழவரா, இளம்பிள்ளையா, பிள்ளைத்தாய்ச்சியா என்பதைக் கொண்டு அடி மாறும். தூரத்து மலையில் கொழுந்து பறிப்பவர்களுக்கு ஆள் அனுப்பத் தேவையில்லையாம். அடியைக் கேட்டே யார் வீட்டில் என்ன துக்கம் என்று ஊகிப்பார்களாம்.

பிறகு தப்பின் உடம்பைப் பற்றிப் பேசினார். மூன்று மரத்துண்டுகளை வளைத்துப் பூட்டிய வட்டச் சட்டம்; புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிய கன்றுத் தோல்; வலக்கையில் தடித்த அடிக்குச்சி, இடக்கையில் மெல்லிய நீண்ட சுண்டுக்குச்சி. ஈரக்காற்றில் தோல் தொய்ந்துவிடும். ஆகவே வைக்கோலும் சருகும் கொளுத்திக் காய்ச்ச வேண்டும். நமுனுகுலை மலைப் பனி இறங்கும் ஊரில் இது இலேசான காரியமன்று. எவ்வளவு காய்ச்சுவது என்பதற்கு அளவு உண்டா என்று கேட்டேன். விரலால் சுண்டினால் தோல் பதில் சொல்லும் என்றார். பேபி டொட்ஸ் என்ற நியூ ஓர்லியன்ஸ் டிரம் கலைஞர் 1946இல் ஒலித்தட்டு ஒன்றில் தம் டிரம்மை அடித்துக் காட்டிக்கொண்டே பேசியிருக்கிறார். அவரும் இப்படித்தான்: சொல் பாதி, அடி பாதி. சிறுவனாக இருந்தபோது ஒரு தகரத்தில் ஆணியால் துளையிட்டு, நாற்காலிக் கட்டையால் அடித்துப் பழகியதாக அவர் தம் வரலாற்றில் சொல்கிறார். எங்கள் லயங்களில் மண்ணெண்ணெய்த் தகரம் அந்த வேலையைச் செய்தது.

இரு முரசுகளின் வரலாற்றிலும் ஒரு வேற்றுமை இருக்கிறது. 1739இல் அமெரிக்கத் தென் கரோலினாவில் அடிமைகள் சிலர் முரசறைந்து ஆள் திரட்டிக் கிளர்ந்தெழுந்தனர். அடுத்த ஆண்டே அடிமைகள் முரசு வைத்திருப்பதை அங்கே சட்டம் தடுத்தது. நியூ ஓர்லியன்ஸ் நகரில் மட்டும் ஞாயிறுதோறும் கொங்கோ சதுக்கம் என்ற திடலில் கூடி ஆடிப்பாட இடமிருந்தது. நம் தோட்டங்களில் துரைமார் முரசைத் தடுக்கவில்லை. அதனை வேலைக்கு அமர்த்தினர். விடியுமுன் தப்படித்து லயங்களை எழுப்பிப் பெரட்டுக்களத்துக்கு அனுப்புவது வழக்கமாயிற்று. சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதி, சக்தீ பால ஐயா 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழாக்கிய கவிதையும் அந்த விடியற்கால முரசிலே தொடங்குகிறது. தடைசெய்யப்பட்ட முரசைவிட இது நல்வாய்ப்பு என்று சொல்லலாமா? நான் அந்த முதியவரிடம் கேட்டேன். பெரட்டுத் தப்பு அடித்தவர் தம் தந்தை என்றும், அந்த அடியைத் தமக்குக் கற்றுக்கொடுக்க அவர் மறுத்துவிட்டார் என்றும் சொன்னார். காமன் கூத்துக்கு உரிய அடிகளையெல்லாம் கற்பித்தவர், சாவுக்கு உரியவற்றைக் கற்பித்தவர், அந்த ஒன்றை மட்டும் கற்பிக்கவில்லை. ஏனென்று தந்தை சொல்லவில்லையாம், இவரும் கேட்கவில்லையாம்.

இடப்பெயர்ச்சியைப் பற்றியும் பேசினோம். ஜாஸ் கலைஞர் வாழ்க்கையில் ஊர்விட்டு ஊர் போதல் பெரிய அத்தியாயம். 1922இல் ஒலிவர் அனுப்பிய அழைப்பின்மேல் ஆம்ஸ்ட்ரோங் நியூ ஓர்லியன்ஸிலிருந்து சிக்காகோவுக்கு ரயில் ஏறினார். தாய் கட்டிக்கொடுத்த மீன் வைத்த ரொட்டியையும் அந்தப் பயணத்தையும் அவர் பிற்காலத்தில் அன்போடு நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த ரயில் அவரை உலகப் புகழுக்கு இட்டுச் சென்றது. எங்கள் முதியவர் சொன்ன ரயில் வேறு. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிப்பது, எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வது என்று இரு அரசாங்கங்களும் கணக்குப் போட்டன. கணக்கிலே மனிதர் எண்ணப்பட்டனர். தப்புக் குழுக்கள் எண்ணப்படவில்லை. எழுபதுகளில் இவருடைய தமையன் குடும்பத்தோடு பதுளையில் ரயிலேறித் தலைமன்னார் சென்று, அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம் போனார். குழுவில் முன்னடி அடித்தவர் அவரே. அவர் அடியைத் தொடங்க மற்றவர்கள் பின்தொடர்வார்கள். தமையன் போனபின் இரண்டு திருவிழாவுக்குத் தப்பைத் தொடவில்லை என்றார் முதியவர். மூன்றாம் ஆண்டு காமன் பண்டிகையில் இவரே முன்னடி எடுத்தார். அது தமையனின் அடி போல வந்ததா என்று கேட்டேன். வரவில்லை, அதனால்தான் தொடர்ந்து அடிக்கிறேன் என்றார்.

இனிப் பெயரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆதர் டெய்லர் என்ற டிரம் கலைஞர், பெரும்பாலும் ஐரோப்பாவில் வாழ்ந்த காலத்தில், சக கலைஞர்களைச் சந்தித்து உரையாடிப் பதிவு செய்தார். 'நோட்ஸ் அண்ட் டோன்ஸ்' என்ற பெயரில் 1977இல் அவை நூலாயின. கேட்பவரும் கறுப்பினத்தவர், அதே தொழில் செய்பவர். ஆகையால் பத்திரிகையாளரிடம் சொல்லாதவற்றை அவரிடம் சொன்னார்கள். கூலி, கடன், நிறவெறி, சக கலைஞரின் போதைப் பழக்கம் எல்லாம் வெளிவந்தன. 'ஜாஸ்' என்ற சொல் உமக்குப் பிடிக்குமா என்பதும் அவர் கேட்ட வினாக்களில் ஒன்று. பலருக்கு அது பிடிக்கவில்லை. மாக்ஸ் ரோச் போன்ற பெருங்கலைஞர் அச்சொல்லை வெளிப்படையாகவே மறுத்தவர். கீழான இடங்களோடு சேர்த்துப் பிறர் சூட்டிய பெயர் என்பது அவர்கள் எண்ணம்.

எங்கள் கருவியின் பெயரோ இன்னும் கொடியது. தப்பு என்றால் குற்றம் என்றும் பொருள்படும் மொழி நம்முடையது. பறை என்ற பழைய பெயருக்குச் சொல்லுதல் என்பது பொருள். ஆனால் அப்பெயரையே ஒரு சாதிக்கு இழிவாக மாற்றிவைத்தோம். திருவிழாவுக்கும் சாவுக்கும் வேண்டும். பந்தியில் அருகே அமர வேண்டாம். இதனாற்றான் அம்முதியவர் தம் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றார். தமக்காக அல்ல, நகரத்துக் கடையில் வேலை செய்யும் மகனுக்காகவும், பாடசாலையில் படிக்கும் பேரனுக்காகவும். தப்பை மேடையில் ஏற்றவேண்டும், அது நம் மக்களின் அடையாளம் என்று இன்று பலர் முழங்குகின்றனர். நல்லதே. ஆயினும், அடித்தவரின் மகன் அதனைக் கைவிட விரும்புவதற்கும் நியாயம் உண்டு. தோலைத் தொடாத கையினர் அவனைக் கடிந்து பேசுவது பொருந்தாது.

டெய்லரின் நூலிலிருந்து நான் கற்றது, கேட்பவர் யார் என்பது விடையை மாற்றும் என்பதே. கால்சட்டை அணிந்து நாற்காலியில் உட்கார்ந்த அதிபரிடம் அந்த முதியவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாக நான் நம்பவில்லை. சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்து 1983இல் நூலாக்கித் தந்தார். அது பெருங்கொடை. ஆனால் பாட்டுக்குச் சொல் உண்டு, தாளில் ஏறும்; அடிக்குச் சொல் இல்லை. அமெரிக்காவில் 1958இல் நியூ ஓர்லியன்ஸ் நகரின் டுலேன் பல்கலைக்கழகம் ஒரு காப்பகத்தைத் தொடங்கி, ஒலிநாடாப் பொறியோடு முதிய கலைஞர்களை நாடி நூற்றுக்கணக்கான உரையாடல்களைப் பதிவு செய்தது. மேடையேறாதவர், தட்டில் ஒலிக்காதவர் பலர் அதில் பேசியிருக்கின்றனர். அதற்குப் பெரும் அறக்கட்டளை ஒன்றின் நிதி கிடைத்தது. எங்களிடம் அந்நிதி இல்லை. ஆனால் அன்று அவர்கள் சுமந்து சென்ற பொறியைவிடச் சிறந்தது இன்று உயர்தர வகுப்பு மாணவன் ஒவ்வொருவன் சட்டைப்பையிலும் இருக்கிறது.

சென்ற தவணையில் மாணவர்களிடம் இதனைச் சொன்னேன். தாத்தா பாட்டியரிடம் கேட்கச் சில வினாக்களும் எழுதிக்கொடுத்தேன். இந்தத் தோலைக் கட்டியவர் யார், முதல் அடியை எங்கே கற்றீர்கள், கூலி பணமா அரிசியா, யாருடைய சாவுக்கு அடிக்க மறுத்தீர்கள் என்பன போன்றவை. இது நம் பண்பாட்டுப் பெருமையா என்ற வினாவை மட்டும் கேட்கக்கூடாது என்றேன். அதற்கு எல்லாரும் ஒரே விடையைத்தான் சொல்வார்கள். பின்வரிசையில் இருந்த ஒருவன் அன்று வாய் திறக்கவில்லை. பத்து நாள் கழித்து அலுவலக அறைக்கு வந்து, தொலைபேசியை மேசைமேல் வைத்தான். நாற்பது நிமிடப் பதிவு. பாதி இருமலும், கோழிச் சத்தமும், அடுப்படியிலிருந்து தாய் அதட்டுவதும். மற்றப் பாதியில், என்னிடம் சொல்லாத பலவற்றை அம்முதியவர் பேரனிடம் சொல்லியிருக்கிறார். உங்களுக்கு எத்தனை அடி தெரியும், தாத்தா என்று பையன் கேட்கிறான். அவர் எண்ணிக்கை சொல்லாமல் முழங்காலில் விரலால் ஒவ்வொன்றாக அடித்துக் காட்டத் தொடங்குகிறார். பதினோராவதில் தொலைபேசியின் மின்னூட்டம் தீர்ந்துவிட்டது. மறு ஞாயிற்றுக்கிழமை மிச்சத்தைப் பதிவு செய்ய மீண்டும் போயிருக்கிறான்.